தோட்டத்து ரோடு அறுந்தால் யார் தனிப்படுவார்கள்? மர வலையமைப்பில் இடம் தேர்வதும் துண்டிப்பைக் கணிப்பதும்: முழுமையான வழிகாட்டி

மலையகத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஓரிடத்தில் மண் சரிந்தால், அதற்கு அப்பால் இருக்கிற லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) எல்லாம் ஒரே நேரத்தில் தனித்துப் போகின்றன. கொழும்பில் ஒரு தெரு மூடினால் அடுத்த தெருவால் சுற்றிப் போகலாம். மலையில் சுற்றிப் போக இன்னொரு ரோடு அனேகமாக இருக்காது. பிரதான வீதியிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு பாதை, அங்கிருந்து பிரிவுகளுக்கு, பிரிவிலிருந்து லயங்களுக்கு என்று கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மலை முனையில் முடிந்துவிடும். கணிதத்தில் இப்படிப்பட்ட வலையமைப்பை மரம் என்கிறார்கள். எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையில் ஒரே ஒரு வழிதான் இருக்கும்.

இந்த வலையமைப்பில் இரண்டு கேள்விகள் உண்டு. மருந்தகத்தையோ அவசரக் களஞ்சியத்தையோ எங்கே வைத்தால் எல்லோருக்கும் கிட்டமாக இருக்கும் என்பது ஒன்று. எந்தப் பாதை அறுந்தால் பாதிப்பு மிகப் பெரிதாக இருக்கும் என்பது மற்றது. முதலாவதை இட அமைவுக் கணக்கு என்றும், இரண்டாவதை வலையமைப்புத் துண்டிப்புக் கணக்கு என்றும் சொல்லலாம். பொதுவான வலையமைப்புகளில் இரண்டும் கணினியையே திணற வைக்கும். மரத்தில் பென்சிலும் தாளும் போதும். அதனால் உயர்தர மாணவரும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரும் இளைஞர் சங்கத்தாரும் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு கேள்விகளையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனித்தனியாகக் கேட்டால் விடை பிழையாகிற இடம் ஒன்று உண்டு. அதை ஓர் உதாரணத்தோடு கீழே காட்டுகிறேன்.

முதலில் படம் வரையுங்கள்

மக்கள் இருக்கும் இடங்களையும் பாதைகள் பிரியும் சந்திகளையும் புள்ளிகளாகக் குறியுங்கள். இவற்றை முனைகள் என்போம். இரண்டு முனைகளை நேரே இணைக்கும் பாதை ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நீளத்தை எழுதுங்கள், ஒவ்வொரு முனைக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

வரைந்தது மரம்தானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்து, துண்டுகளின் எண்ணிக்கை முனைகளைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் அது மரம். துண்டுகள் அதற்கு மேல் இருந்தால் எங்கோ ஒரு வளையம் இருக்கிறது.

வளையம் என்பது கண்ணுக்கு வட்டமாகத் தெரிவது அல்ல. எல்லவுக்கும் பதுளைக்கும் நடுவில் இருக்கும் தெமோதரையில் ரயில் பாதை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, தான் விட்டுவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. வரைபடத்தில் அது வட்டம் போலத் தெரியும். ஆனால் மேலே போகும் தண்டவாளமும் கீழே போகும் தண்டவாளமும் அந்த இடத்தில் சேர்வதில்லை, ஆகவே கணக்கில் அது ஒரே நேர்கோடுதான். எல்லவைத் தாண்டியிருக்கும், 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போக முடியாமல் போனால் தெமோதரை, ஹாலி எல, பதுளை எல்லாமே கொழும்புப் பக்கத்திலிருந்து அறுந்துவிடும். அந்தச் சுற்று ஒரு மாற்று வழியும் தராது.

இதற்கு மறுதலையாக, படத்தில் மரம் போலத் தெரிந்தும் மரமாக இல்லாத இடங்களும் உண்டு. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போனால் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் போகிறது. இதுவரை மரம்தான். ஆனால் மஸ்கெலியாவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாக, ஹட்டனுக்கு வரும் பிரதான வீதியில் இருக்கும் கினிகத்தேனைக்கு இறங்கவும் ஒரு வழி இருப்பதால், நகரங்களின் அளவில் பார்த்தால் வளையம் வந்துவிடுகிறது.

அப்போது இந்த வழிகாட்டி பயன்படாதா? பயன்படும். எந்தத் துண்டு அறுந்தால் வலையமைப்பு இரண்டாகப் பிரியுமோ அதை மட்டும் தனியாகக் குறியுங்கள். அறுந்தாலும் சுற்றி வர வழி இருக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி ஒரே முனையாக்குங்கள், அவற்றின் குடும்பங்களைக் கூட்டி அந்த முனையில் எழுதுங்கள். மிச்சம் நிற்பது கட்டாயம் மரமாகத்தான் இருக்கும். பிரிக்கும் துண்டுகளை விரைவாகக் கண்டுபிடிக்கும் படிமுறையை ரொபர்ட் டார்ஜன் 1974இல் வெளியிட்டார். சிறிய படத்துக்குக் கண்ணே போதும். ஒரே ஒரு அறுப்பை மட்டும் ஆராயும்போது இந்தச் சுருக்கம் சரியான விடை தரும். ஒரே நேரத்தில் இரண்டு அறுந்தால் வளையத்துக்குள்ளேயும் பிரிவு வரலாம் என்பதால் அங்கே சுருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுந்து மலைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் குறுக்குப் பாதைகள் நடப்பவருக்கு உண்டு, லொறிக்கும் அம்புலன்ஸுக்கும் இல்லை. எந்தப் பயணத்துக்குக் கணக்குப் போடுகிறீர்களோ அந்தப் பயணத்துக்குரிய படத்தையே வரையுங்கள். இங்கே வாகனத்துக்கான படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

உதாரணத் தோட்டம்

எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. பிரதான வீதியில் சந்தி (30 குடும்பங்கள்), அங்கிருந்து 3 கிலோமீற்றரில் தொழிற்சாலை (40). தொழிற்சாலையிலிருந்து 2 கிலோமீற்றரில் புதுக்காடு (20), இன்னொரு பக்கம் 1 கிலோமீற்றரில் கோயிலடி (20). கோயிலடியில் பாதை பிரிகிறது. மேலே 2 கிலோமீற்றரில் மேற்பிரிவு (60), அதற்கும் மேலே 5 கிலோமீற்றரில் உச்சிமலை (50). கீழே 1 கிலோமீற்றரில் கீழ்ப்பிரிவு (25), அங்கிருந்து 2 கிலோமீற்றரில் ஆத்து லயம் (25).

எட்டு முனைகள், ஏழு துண்டுகள். மரம்தான். மொத்தம் 270 குடும்பங்கள்.

இந்தத் தோட்டத்தை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். படம் இல்லாமல் பின்னால் வருவது பிடிபடாது.

ஓரிடம்தான் வைக்க முடியும் என்றால்: இடையம்

எல்லாக் குடும்பங்களும் போக வேண்டிய தூரங்களின் கூட்டுத்தொகை எந்த முனையில் மிகக் குறைவோ அதை இடையம் என்பார்கள். அதைக் காண எல்லாத் தூரத்தையும் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மொத்தத்தில் பாதி 135. நுனியில் இருக்கும் முனை ஒன்றை எடுங்கள். அதன் எண்ணிக்கை பாதிக்குக் குறைவாக இருந்தால் அதை உள்ளே இருக்கும் அயல் முனையோடு கூட்டிவிட்டு அழித்துவிடுங்கள். சந்தியின் 30உம் புதுக்காட்டின் 20உம் தொழிற்சாலைக்கு வரும், அங்கே 90 ஆகும். இப்போது தொழிற்சாலையே நுனி, அதுவும் பாதிக்குக் குறைவு, ஆகவே 90 கோயிலடிக்குப் போகும். உச்சிமலையின் 50 மேற்பிரிவோடு சேர்ந்து 110 ஆகி, அதுவும் கோயிலடிக்கு. ஆத்து லயமும் கீழ்ப்பிரிவும் சேர்ந்த 50உம் அங்கேயே. கடைசியில் நிற்பது கோயிலடி.

கவனியுங்கள், இதில் ஒரு தூரத்தைக்கூடத் தொடவில்லை. ஒரு துண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் களஞ்சியத்தை நகர்த்தினால், அந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் துண்டின் நீளம் அளவுக்குத் தூரம் குறையும், இந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் அதே அளவு கூடும். ஆகவே எந்தப் பக்கம் ஆட்கள் அதிகமோ அந்தப் பக்கம் நகர்வதே லாபம். துண்டு 1 கிலோமீற்றரா 10 கிலோமீற்றரா என்பது திசையை மாற்றாது. மரத்துக்கு மட்டுமே உரிய அழகான பண்பு இது. சீனாவில் ஹுவா லுவோகெங்கும் அவரோடு இருந்தவர்களும் கோதுமை அடிக்கும் களத்தை எங்கே வைப்பது என்று ஆராய்ந்தபோது இந்த வழியைத்தான் கண்டார்கள். 1971இல் கோல்ட்மன் இதைத் தனியாக எழுதினார்.

கோயிலடியில் இருப்பது 20 குடும்பங்கள்தான். ஆனாலும் அங்கே வைத்தால் மொத்தத் தூரம் 790 குடும்ப-கிலோமீற்றர். தொழிற்சாலையில் வைத்தால் 880, மேற்பிரிவில் வைத்தால் 890. காணி இருக்கிறது, அலுவலகம் பக்கத்தில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் தொழிற்சாலைக்கு அருகிலேயே கட்டும் பழக்கம் தோட்டங்களில் பரவலாக உண்டு. அந்த வசதிக்கு லயத்து மக்கள் கொடுக்கும் விலையை 880க்கும் 790க்கும் உள்ள இந்த 90 வித்தியாசம் காட்டுகிறது.

இரண்டு முனைகளுக்கு நடுவில் ரோட்டோரத்தில் வைத்தால் இன்னும் நல்லதாக இருக்குமோ? இடையத்தைப் பொறுத்தவரை அந்தக் கவலை வேண்டாம். முனைகளில் ஒன்றே எப்போதும் சிறந்த விடையாக இருக்கும் என்று ஹக்கிமி 1964இல் நிறுவினார். இது மரத்துக்கு மட்டுமல்ல, எந்த வலையமைப்புக்கும் பொருந்தும்.

அம்புலன்ஸுக்கு வேறு கணக்கு: மையம்

அன்றாடம் போய்வரும் இடத்துக்கு இடையம் சரி. 1990 சுவசெரிய போன்ற அம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்துக்குச் சராசரி உதவாது. ஆகக் கடைசியில் இருக்கிற தாய்க்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதே அங்கே கேள்வி. மிகத் தூரமான முனைக்குள்ள தூரத்தை ஆகக் குறைவாக்கும் இடமே மையம்.

ஹேண்ட்லர் 1973இல் சொன்ன வழி மிகச் சுருக்கமானது. ஏதாவது ஒரு முனையில் தொடங்கி அதற்கு மிகத் தூரமான முனையைக் காணுங்கள். அங்கிருந்து மிகத் தூரமான முனையை மறுபடி காணுங்கள். அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளி மையம். புதுக்காட்டில் தொடங்கினால் மிகத் தூரம் உச்சிமலை (10). உச்சிமலையிலிருந்து மிகத் தூரம் சந்தி (11). பாதி 5.5. உச்சிமலையிலிருந்து 5 கிலோமீற்றர் இறங்கினால் மேற்பிரிவு, இன்னும் அரைக் கிலோமீற்றர் கோயிலடிப் பக்கம் வந்தால் மையம். ரோட்டில் நிறுத்த வசதி இல்லையென்றால் மேற்பிரிவிலேயே நிறுத்தலாம். அங்கிருந்து மிகத் தூரம் சந்தி, 6 கிலோமீற்றர். கோயிலடியில் நிறுத்தினால் உச்சிமலைக்கு 7.

ஆக, இடையம் கோயிலடி, மையம் மேற்பிரிவுக்குக் கிட்ட. எதற்காக வைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் எங்கே வைப்பது என்று பேசுவதில் பயனில்லை.

இப்போது மழை வருகிறது

துண்டிப்புக் கணக்கு பனிப்போர்க் காலத்தில் பிறந்தது. 1955இல் அமெரிக்காவில் ஹரிஸும் ரொஸ்ஸும் சோவியத் ரயில் வலையமைப்பை எந்த இடங்களில் அறுத்தால் போக்குவரத்து நிற்கும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். ஃபோர்ட், ஃபல்கர்சன் இருவரும் உருவாக்கிய உச்சப் பாய்ச்சல், குறைந்த வெட்டுத் தேற்றம் (ஒரு வலையமைப்பு ஆகக் கூடுதலாக எவ்வளவு கடத்தும் என்பதை அதைப் பிரிக்கும் மிகச் சிறிய வெட்டே தீர்மானிக்கும் என்பது) அந்த ஆராய்ச்சியோடு சேர்ந்து வளர்ந்ததுதான். சேவை நிலையங்களை எதிராளி தாக்கினால் மக்களின் தூரம் எவ்வளவு கூடும் என்ற வடிவத்தை 2004இல் சர்ச், ஸ்கப்பாரா, மிடில்டன் மூவரும் எழுதினார்கள்.

மழைக்கு எண்ணம் கிடையாது. ஆனாலும் மிக மோசமான நிலையை அறிய வேண்டுமென்றால் அதை எண்ணமுள்ள எதிராளியாகவே வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. இடைப் பருவ மழை பெய்யும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் சரிவு எந்த இடத்தில் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே மிகக் கெட்ட இடத்தில் வந்தாலும் எத்தனை குடும்பங்கள் உதவி கிடைக்காமல் நிற்கும் என்று கேட்பதே நியாயமான கேள்வி.

களஞ்சியம் கோயிலடியில் இருக்கிறது, ஒரு துண்டு மட்டும் அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் அதற்கு அப்பால் இருக்கும் குடும்பங்களை எழுதுங்கள். சந்தி–தொழிற்சாலை 30, தொழிற்சாலை–புதுக்காடு 20, கோயிலடி–தொழிற்சாலை 90, கோயிலடி–மேற்பிரிவு 110, மேற்பிரிவு–உச்சிமலை 50, கோயிலடி–கீழ்ப்பிரிவு 50, கீழ்ப்பிரிவு–ஆத்து லயம் 25. மிக மோசமானது 110.

தொழிற்சாலையில் வைத்திருந்தால்? கோயிலடித் துண்டு அறுந்தால் 180 குடும்பங்கள் போய்விடும். மேற்பிரிவில் என்றால் 160. கோயிலடியே சிறந்தது. இது தற்செயல் அல்ல. எந்த இடத்தில் வைத்தாலும் மிக மோசமான அறுப்பு அந்த இடத்தை ஒட்டிய துண்டு ஒன்றில்தான் வரும், ஏனென்றால் தள்ளிப் போகப் போக அப்பால் இருப்பவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். ஆக, மிகப் பாரமான கிளை எங்கே மிகச் சிறிதாக இருக்குமோ அங்கே வைக்க வேண்டும். கமில் ஜோர்தான் 1869இலேயே ஆராய்ந்த மரத்தின் பாரமையம் அதுதான், மேலே பாதிக்கணக்கில் கிடைத்த இடையமும் அதே முனைதான்.

ஆகவே ஒரே இடம், ஒரே அறுப்பு என்ற நிலையில் நல்ல நாளுக்கான விடையும் கெட்ட நாளுக்கான விடையும் ஒன்றே. இந்த மட்டில் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டாலும் பிழை வராது.

இரண்டாவது களஞ்சியம் வரும்போது

விடைகள் பிரிவது இங்கேதான்.

மரத்தில் இரண்டு இடங்களுக்கான இடையம் காண்பது எளிது. ஒவ்வொரு துண்டாக எடுத்து, அதை அறுத்து மரத்தை இரண்டாக்கி, இரண்டு பக்கத்துக்கும் பாதிக்கணக்குப் போட்டு இடையம் கண்டு, இரண்டு தூரத்தையும் கூட்டுங்கள். ஏழு துண்டுகளுக்கும் செய்துவிட்டுச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். நம் தோட்டத்தில் மேற்பிரிவு–உச்சிமலைத் துண்டை அறுக்கும்போதுதான் மிகக் குறைவு வருகிறது: உச்சிமலையில் ஒன்று, கோயிலடியில் ஒன்று, மொத்தம் 440. (கோயிலடி–மேற்பிரிவுத் துண்டை அறுத்தால் தொழிற்சாலையும் மேற்பிரிவும் வரும், 550. மற்ற ஐந்தையும் நீங்களே போட்டுப் பாருங்கள், 620க்குக் குறையாது.) மூன்று, நான்கு இடங்கள் என்று போனால் நுனியிலிருந்து மேலே ஏறிவரும் அட்டவணைக் கணக்கு தேவை. மரத்தில் அதை நியாயமான நேரத்தில் செய்யலாம் என்றும், பொது வலையமைப்பில் மிகக் கடினம் என்றும் கரீவ், ஹக்கிமி இருவரும் 1979இல் காட்டினார்கள்.

440 நல்ல எண். இப்போது ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். கோயிலடியும் உச்சிமலையும் களஞ்சியங்கள். அவை இரண்டுக்கும் நடுவில் எது அறுந்தாலும் யாரும் தனிப்படமாட்டார்கள், ஒரு பக்கம் போக முடியாதவர் மறுபக்கம் போவார். ஆனால் கோயிலடி–தொழிற்சாலைத் துண்டு அறுந்தால் சந்தி, தொழிற்சாலை, புதுக்காடு மூன்றிலும் 90 குடும்பங்கள் களஞ்சியம் இல்லாமல் நிற்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: இரண்டு களஞ்சியங்களுக்கு இடையிலான பாதை காப்பாற்றப்பட்ட பாதை. தனிப்படுவது அந்தப் பாதையில் தொங்கும் கிளைகள் மட்டுமே. கோயிலடியிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன: தொழிற்சாலைப் பக்கம் 90, மேற்பக்கம் 110, கீழ்ப்பக்கம் 50. காப்பாற்றும் பாதை இரண்டு கிளைகளுக்குள்தான் நுழைய முடியும். மிகச் சிறிய கிளையைத் தொங்க விட்டு மற்ற இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு களஞ்சியம் வைப்பதே வழி. தொழிற்சாலையில் ஒன்று, உச்சிமலையில் ஒன்று என்று வைத்தால் மிக மோசமான அறுப்பில் 50 குடும்பங்கள்தான் தனிப்படும். நல்ல நாளில் மொத்தத் தூரம் 480.

கணக்கைப் பாருங்கள். 440 எங்கே, 480 எங்கே. குடும்பத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 150 மீற்றர் கூடுதலாகப் போக வேண்டும். அதற்குப் பதிலாக, கெட்ட நாளில் தனிப்படுபவர்கள் 90இலிருந்து 50ஆகக் குறைகிறார்கள். நான் யோசிக்காமல் இதைத்தான் தேர்வேன். தூரத்தை மட்டும் கேட்டிருந்தால் இந்தத் தெரிவு கண்ணிலேயே பட்டிருக்காது.

தனிப்படாமல் இருப்பது மட்டும் போதுமா என்பதையும் கேட்க வேண்டும். இந்த அமைப்பில் கோயிலடி–தொழிற்சாலைத் துண்டு அறுந்தால் எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஆத்து லயத்தார் 4 கிலோமீற்றருக்குப் பதில் 10 கிலோமீற்றர் ஏறி உச்சிமலைக்குப் போக வேண்டும். மொத்தத் தூரம் 480இலிருந்து 1020 ஆகிவிடும். எனவே இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை பேர் தனிப்படுகிறார்கள், தனிப்படாதவருக்குத் தூரம் எவ்வளவு கூடுகிறது. ஒன்றை மற்றதோடு கூட்டி ஒரே எண்ணாக்கும் முறைகள் இருக்கின்றன. ஊர்க் கூட்டத்தில் வைக்கும்போது தனித்தனியாகவே வையுங்கள், மக்களே எடை போடுவார்கள்.

இரண்டு இடங்களில் சரிந்தால்: நிறமிடும் முறை

அறுப்புகள் கூடும்போது எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது.

ஒவ்வொரு முனைக்கும் பச்சை அல்லது சிவப்பு நிறம் கொடுங்கள். பச்சை என்றால் உதவி கிடைக்கும், சிவப்பு என்றால் கிடைக்காது. களஞ்சியம் உள்ள முனை கட்டாயம் பச்சை. இரு முனைகளும் வெவ்வேறு நிறமாக உள்ள ஒவ்வொரு துண்டும் ஓர் அறுப்பைக் கேட்கும். அனுமதிக்கப்பட்ட அறுப்புகளுக்குள் சிவப்பில் மிகக் கூடுதலான குடும்பங்கள் எத்தனை? எதிராளியின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

நுனியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முனையும் இரண்டு வரி வைத்துக்கொள்ளும்: நான் பச்சையானால் எனக்குக் கீழே 0, 1, 2 அறுப்புகளில் எத்தனை சிவப்பு, நான் சிவப்பானால் எத்தனை. தொழிற்சாலையும் உச்சிமலையும் களஞ்சியம் என்று எடுத்து, கோயிலடியை வேராக, அதாவது கணக்கு கடைசியில் வந்து சேரும் முனையாக, வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

கீழ்ப்பிரிவு சிவப்பானால் ஆத்து லயத்தோடு சேர்ந்து 50, அறுப்புத் தேவையில்லை. பச்சையானால் 0 அறுப்பில் 0, 1 அறுப்பில் 25. மேற்பிரிவு சிவப்பானால் 60, ஆனால் பச்சையான உச்சிமலையோடு உள்ள துண்டுக்கு 1 அறுப்பு. தொழிற்சாலை பச்சைதான், 1 அறுப்பில் சந்தியின் 30, 2 அறுப்பில் புதுக்காடும் சேர்ந்து 50.

கோயிலடி பச்சையானால் 2 அறுப்பில் மிகக் கூடுதல் 80, அதாவது கீழ்ப்பக்கம் 50, சந்தி 30. கோயிலடி சிவப்பானால் தன்னுடைய 20, கீழே 50, மேற்பிரிவு 60 (1 அறுப்பு), தொழிற்சாலையோடு உள்ள துண்டுக்கு இன்னொரு அறுப்பு. மொத்தம் 130. ஆக, தொழிற்சாலைக்கு மேலேயும் உச்சிமலைக்குக் கீழேயும் ஒரே இரவில் சரிந்தால் நடுவில் இருக்கும் 130 குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்ளும்.

இதே முறையில் மற்றச் சோடிகளையும் போடலாம். கோயிலடியும் உச்சிமலையும் என்றால் 2 அறுப்பில் 140. தொழிற்சாலையும் மேற்பிரிவும் என்றால் 100. ஓர் அறுப்புக்குத் தொழிற்சாலை–உச்சிமலைச் சோடியும் தொழிற்சாலை–மேற்பிரிவுச் சோடியும் சமம், இரண்டுக்கும் 50தான். இரண்டு அறுப்புக்கு மேற்பிரிவுச் சோடி தெளிவாக நல்லது, ஆனால் நல்ல நாளில் தூரம் 550. எத்தனை இடங்களில் சரியும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அந்த எண்ணை முடிவு செய்யாமல் கணினியில் ஏற்றிப் பயனில்லை. ஏற்றுவதென்றால் பைத்தனில் சிறியதொரு நிரலே போதும்.

எல்லாத் துண்டும் ஒன்றல்ல

கல் பதித்த ரோடும் நீரோடை கடக்கும் ரோடும் ஒரே மாதிரி அறுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு பலம் கொடுத்து, எதிராளிக்கு மொத்தமாக இவ்வளவு சக்தி என்று வரையறுத்தால் கணக்கு கடினமாகிறது. ஒரு நடு முனையும் அதைச் சுற்றி நுனிகளும் மட்டும் உள்ள மரத்திலேயே அது மூட்டைக் கணக்காகிவிடும்: குறிப்பிட்ட கொள்ளளவுக்குள் மதிப்புக் கூடிய பொருட்களைத் திணிக்கும் அந்தப் பழைய கடினக் கணக்கு. பலங்களைச் சிறிய முழு எண்களாக, 1, 2, 3 என்று கொடுத்தால் மேலே சொன்ன நிறமிடும் அட்டவணையே தாங்கும்.

பலத்தை எப்படிக் கொடுப்பது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலை மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அதன் மேல் உங்கள் மரத்தை வைத்துப் பார்த்து, அபாய வலயத்துக்குள் போகும் துண்டுக்கு 1, வெளியே போகும் துண்டுக்கு 2 அல்லது 3 என்று எழுதுங்கள். அந்த ரோட்டில் வருடக்கணக்காக லொறி ஓட்டியவரிடமும் கேளுங்கள். எந்த வளைவில் மழைக்கு மழை மண் இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அறாமல் மெதுவாகும் துண்டுகளும் உண்டு. சேற்றில் 1 கிலோமீற்றர் 2 கிலோமீற்றர் போல ஆகும். அதற்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை. ஒரு துண்டு 1 கிலோமீற்றர் நீண்டால் மொத்தத் தூரம் அந்தத் துண்டைப் பயன்படுத்தும் குடும்பங்களின் அளவுக்குக் கூடும். ஒரு களஞ்சியம் கோயிலடியில் இருந்தபோது எழுதிய 30, 20, 90, 110 என்ற அதே பட்டியல் இதற்கும் விடை. ரோடு திருத்தக் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால், அந்தப் பட்டியலில் பெரிய எண் உள்ள துண்டில் தொடங்குங்கள்.

களஞ்சியத்தை விட்டு, பாதையைக் கூட்டினால்

கடைசியாக ஒரு கணக்கு. ஆத்து லயத்துக்கும் புதுக்காட்டுக்கும் நடுவில் 1 கிலோமீற்றர் குறுக்குப் பாதை இருக்கிறது, அதை ஓட்டோ போகும் அளவுக்கு அகலமாக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோயிலடி, தொழிற்சாலை, புதுக்காடு, ஆத்து லயம், கீழ்ப்பிரிவு ஐந்தும் ஒரே வளையத்தில் வந்துவிடும். முன்பு சொன்ன சுருக்கும் முறைப்படி அந்த ஐந்தையும் ஒரே முனையாக்குங்கள். அதில் 130 குடும்பங்கள். மிச்ச மரம் நான்கு முனைகளும் மூன்று துண்டுகளும்தான்: சந்தி, வளையம், மேற்பிரிவு, உச்சிமலை.

களஞ்சியங்கள் கோயிலடியிலும் உச்சிமலையிலும், தூரம் 440 தந்த அந்த முதல் சோடியிலேயே இருக்கட்டும். மேற்பிரிவுத் துண்டு எது அறுந்தாலும் மறுபக்கம் வழி உண்டு. வளையத்துக்குள் எது அறுந்தாலும் சுற்றி வரலாம். தனிப்படக்கூடியது சந்தி மட்டும், 30 குடும்பங்கள், அவர்களுக்கோ பிரதான வீதி பக்கத்திலேயே இருக்கிறது. 90 என்று இருந்தது 30 ஆகிறது, நல்ல நாளின் தூரமும் கூடவில்லை. உங்கள் தோட்டத்துப் படத்தில் இணைக்காத நுனிகளைச் சோடி சோடியாக எடுத்து இதே சோதனையைச் செய்துபாருங்கள். புதிய கட்டடத்துக்குக் கேட்கும் பணத்தையும் அந்தப் பாதைக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதி, கோரிக்கைக் கடிதத்தோடு படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.